முதல் பேட் வாங்குகிறவர்களுக்கு: ஷட்டில் ஆட எதை எந்த வரிசையில் வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது

மதுரையில் நாங்கள் ஆடும் உள்ளரங்குக்கு மாதாமாதம் சிலர் புதிதாக வருவார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பொருள் வாங்கியிருப்பார்கள். முதலில் விலை கூடிய பேட். கட்டிங், அதாவது பேட்டின் தலையில் நரம்பு கட்டுவது, கடைக்காரர் சொன்னபடி. ஷட்டில் யாராவது கொண்டுவருவார்கள். காலில், காலை நடைக்குப் போட்டுக்கொள்ளும் ஷூ.

இந்த வரிசையை மாற்ற வேண்டும், ஷூ முதலில் வர வேண்டும். வீட்டில் ஒரு கட்டிங் மெஷின் வைத்து நண்பர்களுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். என் மேஜைக்கு வந்த உடைந்த பேட்டுகளையும், உடன் ஆடியவர்களின் வீங்கிய கணுக்கால்களையும் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. எங்கே ஆடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குடியிருப்பின் சிமென்ட் தரையா, மொட்டை மாடியா, மரத்தளம் அல்லது பச்சை மேட் போட்ட உள்ளரங்கா? ஷூ, ஷட்டில், பேட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற மூன்றும் இதைப் பொறுத்தவை.

திறந்த வெளியில் காற்று ஆட்டத்தைக் கெடுக்கும். இறகு ஷட்டில் அங்கே நேராகப் போகாது. சிமென்டில் இரண்டு முறை உரசினால் இறகு பிய்ந்துவிடும். அங்கே நைலான்தான். உள்ளரங்கில் பெரும்பாலும் இறகில்தான் ஆடுவார்கள், தரையில் தடம் பதிக்காத ஷூ கட்டாயம் என்பார்கள்.

எதையும் வாங்கும் முன், இரவல் பேட்டோடு இரண்டு மூன்று நாள் அந்தக் குழுவோடு ஆடிப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள், அங்கே எந்த ஷட்டில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு பணத்தை எடுக்கலாம்.

2. முதல் செலவு ஷூ

ஓடுவதற்கான ஷூவின் குதிகால் பக்கம் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்னோக்கி ஓடும் காலுக்கு அது நல்லது. ஷட்டிலில் பாதி நேரம் பக்கவாட்டில் பாய்கிறோம், பாய்ந்த காலை ஊன்றி உடனே திரும்புகிறோம். உயரமான குதிகால் அந்த நொடியில் சாயும். கணுக்கால் பிசகுவது அப்படித்தான். புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்த காயம் இதுதான்.

பேட்மின்டனுக்கான ஷூவில் அடிப்பாகம் தட்டையாக, தரைக்கு நெருக்கமாக இருக்கும். கீழே கம் ரப்பர், பெரும்பாலும் தேன் நிறம். மரத்தளத்தையும் மேட்டையும் அது பிடித்துக்கொள்ளும், கறுப்புத் தடம் விடாது.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்றே பெரிதாகியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆட்டத்துக்குப் போடும் தடிமனான சாக்ஸையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகலம் இடம் வேண்டும். வலைக்குப் பாய்ந்து நிற்கும்போது கால் முன்னால் சரியும். இடமில்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். குதிகால் மட்டும் துளியும் தூக்கக் கூடாது.

இந்த ஷூவைத் தெருவில் போட்டு நடக்காதீர்கள். கையில் எடுத்துப் போய் கோர்ட்டில் மாட்டுங்கள். ரப்பரில் தூசி ஒட்டினால் பிடிப்பு போய்விடும். ஆட்டத்துக்கு நடுவே வழுக்கினால் ஈரத்துணியில் அடிப்பாகத்தை ஒரு முறை துடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆடி வந்ததும் உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் காய வைத்தால் பசை விட்டுவிடும். வாஷிங் மெஷினிலும் போடக் கூடாது.

3. பேட்: எடை, சமநிலை, ஷாஃப்ட்

கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் பேட்டுகளில் பார்க்க வேண்டியவை நான்குதான்.

முதலில், முழுக்க கார்பன் (கிராஃபைட்) பேட்டா என்று பாருங்கள். ஜோடியாக விற்கும் மலிவு செட்டுகளில் தலைப்பகுதி அலுமினியமாகவோ இரும்பாகவோ இருக்கும், ஷாஃப்ட் (கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தண்டு) தலையோடு சேருமிடத்தில் ‘டி’ வடிவ இணைப்பு துருத்திக்கொண்டு தெரியும். மாடியில் பிள்ளைகளோடு விளையாட அது போதும். வாரம் மூன்று நாள் ஆடினால் மணிக்கட்டு வலிக்கும்.

அடுத்தது எடை. கைப்பிடிக்கு மேலே இருக்கும் கூம்பிலோ ஷாஃப்டின் அடியிலோ 3யு, 4யு, 5யு என்று எழுதியிருக்கும். யோனெக்ஸ் கம்பெனியின் கணக்கில் 3யு என்றால் 85 முதல் 89 கிராம், 4யு 80 முதல் 84, 5யு 75 முதல் 79. எண் கூடினால் எடை குறையும். ஆரம்பிக்கிறவர்களுக்கு 4யு நல்லது. 5யு கையில் சுகமாக இருக்கும், ஆனால் பின்கோட்டிலிருந்து அடிக்கும்போது பேட்டின் எடை கொஞ்சமும் உதவாது. தோள் பலவீனமானவர்களுக்கும் பதின்வயதினருக்கும் 5யு சரி.

மூன்றாவது சமநிலை. பேட்டை ஒரு விரல் மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியின் அடிநுனியிலிருந்து அதை அளந்தால் 285 முதல் 295 மில்லிமீட்டருக்குள் வருவது சம எடை. அதற்கு மேல் போனால் தலை கனமானது, குறைந்தால் தலை லேசானது. கட்டும் (தலையில் கட்டிய நரம்பு), கிரிப்பும் (கைப்பிடி மேல் சுற்றும் பட்டை) இருக்கிறதா என்பதைப் பொறுத்து இது நகரும். எனவே இரண்டு பேட்டை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். முதல் பேட்டுக்குச் சம எடையே போதும். ஸ்மாஷ் (மேலிருந்து கீழே ஓங்கி அடிப்பது) ஆசையில் தலை கனமான பேட்டை வாங்குகிறவர்கள், இரட்டையர் ஆட்டத்தில் உடம்புக்கு நேரே வரும் ஷட்டிலுக்குப் பேட்டை நேரத்தில் தூக்க முடியாமல் திணறுகிறார்கள்.

கடைசியாக ஷாஃப்ட். வளையும், நடுத்தரம், விறைப்பு என்று மூன்று வகை. வளையும் ஷாஃப்ட், கை வீச்சு மெதுவாக இருந்தாலும் பின்னால் வளைந்து திரும்பி ஷட்டிலைத் தள்ளிவிடும். விறைப்பான ஷாஃப்டை வளைக்கவே வேகமான வீச்சு வேண்டும். அது இல்லாதவர் கையில் விறைப்பான பேட் வெறும் கட்டைதான். வளையும் அல்லது நடுத்தர ஷாஃப்டை எடுங்கள். டிவியில் சாம்பியன்கள் பிடித்திருக்கும் மாடல்கள் பல விறைப்பானவை என்பதை மறக்க வேண்டாம்.

என் கணக்கில் முதல் பேட்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் போதும். இரட்டையரில் கூட்டாளியின் பேட்டோடு மோதுவது ஆரம்பத்தில் சகஜம். அதில் முதலில் உடைவது இந்தப் பேட்டாகத்தான் இருக்கும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் நீளம் குறைந்த சிறுவர் பேட் வாங்குங்கள். பெரிய பேட்டைக் கொடுத்தால், நீளத்தைச் சமாளிக்க அவர்கள் கைப்பிடியை விட்டு ஷாஃப்டைப் பிடிக்கப் பழகிவிடுவார்கள்.

போலிகள் நிறைய. ஷாஃப்டிலும் கூம்பிலும் பொறித்திருக்கும் எண்கள், ஹாலோகிராம், எழுத்தின் அச்சு ஆகியவற்றைப் பாருங்கள். பாதி விலைக்கு யாராவது தந்தால், விலையே சொல்லிவிடுகிறது.

4. கட்டிங்: அதிகம் ஏமாறும் இடம்

ஒரு கல்லூரி மாணவர் முழங்கை வலிக்கிறது, பேட் சரியில்லை என்று என்னிடம் வந்தார். கட்டை விரலால் அழுத்தினேன், மேஜைப்பலகையை அழுத்துவதுபோல் இருந்தது. ‘பவர் வரும்’ என்று கடையில் 28 பவுண்டு இறுக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அறுத்துவிட்டு 22 பவுண்டில் கட்டினேன். மறுநாள் அதே பேட்டில் அவர் அடித்த ஷட்டில் எதிர்ப் பின்கோட்டை எட்டியது.

காரணம் எளிது. தளர்வான கட்டு ஷட்டிலை வாங்கி எறிந்து கொடுக்கும். இறுக்கமான கட்டில் அந்த எறிதல் குறைவு, வேகத்தை நம் கைதான் தர வேண்டும். நடுவில் சரியாகப் படும் இடமும் இறுக்கம் கூடக் கூடச் சுருங்கும். புதிதாக ஆடுகிறவருக்கு ஷட்டில் பாதி நேரம் ஓரத்தில்தான் படுகிறது. அவருக்கு 20 முதல் 23 பவுண்டு போதும். ஒரு வருடம் போகட்டும், பிறகு ஒவ்வொரு பவுண்டாகக் கூட்டுங்கள்.

பேட்டில் 20-28 என்பதுபோல ஓர் எல்லை எழுதியிருக்கும். அது ஃப்ரேம் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு. நீங்கள் எவ்வளவில் ஆட வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

கட்டும் நரம்பின் தடிமனைப் பாருங்கள். யோனெக்ஸ் பிஜி 65 என்பது 0.70 மில்லிமீட்டர், பல மாதம் தாக்குப்பிடிக்கும். பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65 மில்லிமீட்டர், தெறிப்பு அதிகம், சத்தம் இனிமை, ஆனால் ஓரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தால் அறுந்துவிடும். முதல் வருடம் 0.70 பக்கமே இருங்கள்.

கட்டக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: கட்டின் பெயர், பவுண்டு, குரோமெட்டைப் பார்த்து மாற்றச் சொல்வது. ஃப்ரேமின் ஓட்டைகளில் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் குழாய்கள்தான் குரோமெட். அது வெடித்திருந்தால் கார்பனின் விளிம்பே கட்டை அறுக்கும். ஒரே ஓட்டையருகே இரண்டு முறை அறுந்தால் கட்டின் மேல் பழி போடாதீர்கள், அந்தக் குரோமெட்டைப் பாருங்கள்.

திரும்ப வாங்கும்போது தலையின் வடிவத்தைப் பாருங்கள். கட்டாத அதே மாடல் பேட் கடையில் இருந்தால் அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அகலமாகவோ நீளமாகவோ இழுபட்டிருந்தால் கட்டிய விதம் தவறு. குறுக்குக் கட்டுகளை நெடுக்குக் கட்டுகளைவிட ஒன்றிரண்டு பவுண்டு கூட்டிக் கட்டுவது வழக்கம், வடிவம் நிற்பதற்காக. நானும் அப்படித்தான் கட்டுகிறேன்.

கட்டு அறுகிறவரை காத்திருக்க வேண்டாம். ஆடாமல் வைத்திருந்தாலும் இறுக்கம் இறங்கும். நெடுக்குக் கட்டுகள் அடிக்கு அடி நகர்ந்து, விரலால் நேராக்க வேண்டியிருந்தால், அடிக்கும் சத்தம் மந்தமாகிவிட்டால், நேரம் வந்துவிட்டது. வாரம் மூன்று நாள் ஆடுகிறவர் நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை மாற்றலாம்.

5. கிரிப்: நாற்பது, ஐம்பது ரூபாய் விஷயம், ஆனால்…

புதுப் பேட்டின் கைப்பிடி மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். அழுக்காகிவிடக் கூடாதென்று அதோடேயே மாதக்கணக்கில் ஆடுகிறார்கள். முதல் நாளே உரித்துப் போடுங்கள். வியர்த்த கையில் பேட் பறந்து எதிரில் நிற்பவர் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கைப்பிடியின் தடிமன் ஜி4, ஜி5, ஜி6 என்று எழுதியிருக்கும். யோனெக்ஸில் எண் கூடினால் தடிமன் குறையும். மற்ற கம்பெனிகளின் குறியீடு மாறலாம், கையில் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரிய வேண்டும். ஷட்டிலில் பேட்டைத் தளர்வாகப் பிடித்து, அடிக்கும் நொடியில் மட்டும் இறுக்குகிறோம். கை நிறையத் தடிமனாக இருந்தால் இறுக்க இடமே இருக்காது. ஜி5 எடுத்து மேலே ஓர் ஓவர்கிரிப் (இருக்கும் கிரிப்பின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக வரும்.

ஓவர்கிரிப்பை அடியிலிருந்து மேலே சுற்றுங்கள். லேசாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்று மற்றொன்றின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறும்படி கூம்பு வரை கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள். கிரிப்போடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றும் முன்பே உரித்துவிட வேண்டும். நிறைய வியர்க்கிறவர்களுக்கு டவல் கிரிப் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் நாறும், அடிக்கடி மாற்றியாக வேண்டும்.

பழைய ஓவர்கிரிப்பின் மேலேயே புதியதைச் சுற்றாதீர்கள். தடிமன் கூடுவது ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே இருப்பது மரம். வியர்வை இறங்கி அது கறுத்துப் பூஞ்சை பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழையதைக் கழற்றி, கைப்பிடியை ஒரு ராத்திரி காற்றாட வைத்துவிட்டுச் சுற்றுங்கள்.

6. ஷட்டில்: நிறத்தையும் எண்ணையும் படியுங்கள்

நைலான் ஷட்டிலில் கார்க்கைச் சுற்றி ஒரு வண்ணப்பட்டை இருக்கும். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. நம்மூர் வெயிலுக்குப் பச்சைதான். காற்று சூடானால் அடர்த்தி குறைகிறது, தடை குறைந்து ஷட்டில் கூடுதல் தூரம் போகிறது. சிவப்பு, குளிர்ப் பிரதேசத்துக்கானது. சித்திரை மாதத்தில் அதை வாங்கி ஆடினால் எல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழும், நம் கைதான் தப்பு என்று நினைத்துக்கொள்வோம்.

இறகு ஷட்டிலில் 75, 76, 77, 78 என்று எண் இருக்கும். எண் கூடினால் வேகம் கூடும். சமவெளி ஊர்களில் கோடையில் 75, 76 ஓடும், ஊட்டி, கொடைக்கானலில் குளிர் வேகத்தைக் குறைக்கப் பார்க்கும், உயரத்தின் மெல்லிய காற்று கூட்டப் பார்க்கும். அங்கே என்ன எண் ஓடுகிறது என்று அங்கே ஆடுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்க விதியிலேயே ஒரு முறை இருக்கிறது. பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 99 சென்டிமீட்டருக்கு மிகாமல் உள்ளே விழுந்தால் வேகம் சரி. வீச்சு இன்னும் கூடிவராதவர் இதைச் செய்தால் எல்லா ஷட்டிலும் மெதுவாகவே தெரியும். நன்றாக ஆடுகிற ஒருவரை அடிக்கச் சொல்லுங்கள்.

இறகு ஷட்டிலில் 16 இறகு. ஒன்று ஒடிந்தாலும் ஆட்டம் கண்டு பறக்கும். அதனால் டப்பாவிலிருந்து எடுக்கும்போது கார்க் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கார்க் முன்னால் வரும்படி எடுங்கள். இறகுப் பக்கம் இழுத்தால் நுனிகள் ஒன்றில் ஒன்று மாட்டிச் சிதையும். புள்ளி முடிந்ததும் ஷட்டிலைத் தரையோடு தள்ளி அனுப்பாதீர்கள். எடுத்து, கலைந்த இறகுகளை விரலால் நேராக்கி, கார்க் முன்னால் போகும்படி எதிரணிக்குத் தூக்கிப் போடுங்கள். ஒரு மாலைக்கு இரண்டு ஷட்டிலாவது மிச்சமாகும்.

வறண்ட மாதங்களில் இறகு நொறுங்கும். அதற்கு முதல் நாள் ராத்திரியே ஆவி காட்டி வைப்போம். கொதிக்கும் கெட்டிலின் மூக்கருகே, டப்பாவின் இறகுப் பக்கத்தை மட்டும் நாலைந்து நொடி காட்டி, மூடி, கார்க் மேலே இருக்கும்படி நிறுத்திவிட வேண்டும். ஈரம் ஏறிய இறகு ஒடியாமல் வளையும். அதற்கு மேல் காட்டினால் எடை கூடும், கார்க்கில் ஈரம் இறங்கிப் பசை இளகும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது தேவைப்படாது.

ஆரம்பத்தில் நைலானா, இறகா? முதல் இரண்டு மூன்று மாதம் நல்ல நைலான். யோனெக்ஸ் மேவிஸ் 350 எங்கும் கிடைக்கும். ஓரத்தில் அடித்தே பழகும் நாட்களில் இறகு வாங்கினால் ஒரு செட்டுக்கு இரண்டு ஷட்டில் காலியாகும். ஷட்டில் ஓரளவு நடுவில் படத் தொடங்கியதும் இறகுக்கு வந்துவிடுங்கள். இரண்டும் பறக்கும் விதமே வேறு: இறகு உயரத்தில் வேகம் இழந்து செங்குத்தாக இறங்கும், நைலான் சாய்ந்தே வரும். நைலானிலேயே ஒரு வருடம் இருந்தால் கால் போகும் இடம் தவறிப் பழகிவிடும்.

7. ஆடி முடித்ததும் ஐந்து நிமிடம்

கைப்பிடியையும் ஃப்ரேமையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள். ஈர பனியனையும் பேட்டையும் ஒரே அறையில் திணிக்காதீர்கள், கிரிப் மறுநாள் வழவழக்கும்.

நிறுத்திய காருக்குள்ளோ, வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரிலோ பேட்டை விடவே கூடாது. சூட்டில் கட்டு தளர்கிறது. கட்டின் இழுப்பில் இருக்கும் ஃப்ரேமும் வடிவம் மாறலாம். அலுவலகத்திலிருந்து நேரே கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பேட்டைக் கையோடு மேலே எடுத்துப் போய்விடுங்கள்.

வீட்டில் ஆணியில் மாட்டுங்கள். பீரோ மேல் போட்டு அதன்மேல் பெட்டியை ஏற்றினால், அழுத்தத்தில் தலை கோணும்.

8. கட்டு அறுந்தால், பேட் மோதினால்

ஒரு கட்டு அறுந்த நொடியில் ஃப்ரேமின் மேல் இழுப்பு ஒருபக்கமாகிவிடும். ‘இந்த ஆட்டம் முடியட்டும்’ என்று ஆடுவதும், அப்படியே பையில் போட்டு ஒரு வாரம் கழித்துக் கடைக்குக் கொண்டுபோவதும் பேட்டைக் கெடுக்கும். உடனே மிச்சத்தையும் அறுத்துவிட வேண்டும்.

அதற்கும் வரிசை உண்டு. நடுவில் ஆரம்பித்து, ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு என்று மாறி மாறி, நான்கு பக்கமும் ஒரே அளவில் ஓரத்தை நோக்கிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுதாக அறுத்துவிட்டு மறுபக்கம் வந்தால், தவிர்க்க நினைத்த கோணலை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கட்டும்.

மோதிய பேட்டை வெளிச்சத்தில் பிடித்து, பட்ட இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். பெயின்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் நகம் ஒரு சிறு படியில் ஏறி இறங்கும். வெடிப்பு என்றால் கோட்டில் மாட்டும், கட்டை விரலால் அழுத்தினால் லேசாக ‘டிக்’ என்று கேட்கும். வெடித்த ஃப்ரேமைக் கட்டக் கொடுக்காதீர்கள். இழுக்கும்போது மெஷினிலேயே உடைந்துவிடும், கட்டின் காசும் போகும். கட்டுபவரிடம் வெடிப்பை மறைத்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

பேட்டை ஆட்டினால் உள்ளே மணல் உருள்வதுபோல் சத்தம் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் உள்ளே காய்ந்து உதிர்ந்த பசைத்துணுக்குதான். ஆடலாம்.

9. இரண்டாவது பேட்

ஆறு மாதம் தொடர்ந்து ஆடிவிட்டால் கையில் இரண்டு பேட் இருப்பது நல்லது, நடுவில் கட்டு அறுந்தால் ஆட்டம் நிற்காது. அது முதல் பேட்டின் அதே மாடலாக, அதே எடையாக, அதே பவுண்டில் கட்டியதாக இருக்கட்டும். எடையோ இறுக்கமோ மாறினால் ஷட்டிலைத் தொடும் நேரம் மாறும், பேட் மாற்றியதும் முதல் நாலைந்து புள்ளி வீணாகும். புதுக் கிரிப்பையும் இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே எண்ணிக்கைச் சுற்றில் போடுங்கள்.